நிஷ்ட் எங்கே வரும், கைன் எப்போது வரும்? ஜெர்மன் ஏ1-இல் மறுப்பும் கேள்வியும்

தாமரையிலை எழுதியது:

வணக்கம். ஜெர்மன் ஏ1 (தொடக்க நிலை) படித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மன் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழிலேயே எழுதுகிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இந்த மூன்று வாக்கியமும் இருக்கின்றன. "இஷ் கொம்மெ ஹொய்ட்டெ நிஷ்ட்" (நான் இன்று வரவில்லை). "இஷ் வோனெ நிஷ்ட் இன் பெர்லின்" (நான் பெர்லினில் வசிக்கவில்லை). "இஷ் ரூஃபெ டிஷ் நிஷ்ட் அன்" (நான் உன்னைப் போனில் அழைக்கவில்லை). முதல் வாக்கியத்தில் மறுப்புச் சொல்லான நிஷ்ட் கடைசியில் இருக்கிறது, இரண்டாவதில் நடுவில், மூன்றாவதில் கடைசிக்கு ஒரு சொல் முன்னால். "பெரும்பாலும் கடைசியில் வரும், சில இடங்களில் முன்னால் வரும்" என்று புத்தகம் சொல்லிவிட்டு ஒரு நீளமான பட்டியல் கொடுக்கிறது. அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?

அடுத்தது கைன் என்ற இன்னொரு மறுப்புச் சொல். "டஸ் இஸ்ட் கைன் பூஹ்" (அது புத்தகம் அல்ல) என்று இருக்கிறது, ஆனால் "டஸ் இஸ்ட் நிஷ்ட் மைன் பூஹ்" (அது என் புத்தகம் அல்ல) என்றும் இருக்கிறது. இரண்டிலும் புத்தகம்தான், இரண்டிலும் மறுப்புதான். ஏன் வேறு வேறு?

மூன்றாவது, எதிர்மறையாகக் கேட்கிற கேள்விக்கு யா (ஆம்) சொல்வதா நைன் (இல்லை) சொல்வதா? இதில் வகுப்பிலேயே ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.


ஜன்னலோரம் எழுதியது:

கைன் விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். மறுப்பு இல்லாத வாக்கியத்தை எழுதிப் பாருங்கள். அதில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஐன் அல்லது ஐனெ (ஒரு) இருந்தாலோ, எதுவுமே இல்லாமல் பெயர்ச்சொல் வெறுமனே நின்றாலோ, மறுப்பில் கைன் வரும். "இஷ் ஹாபெ ஐன் அவுட்டோ" (என்னிடம் ஒரு கார் இருக்கிறது) என்பது "இஷ் ஹாபெ கைன் அவுட்டோ" ஆகும். "இஷ் ஹாபெ ட்ஸைட்" (எனக்கு நேரம் இருக்கிறது) என்பதில் ட்ஸைட்டுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, அதுவும் "கைனெ ட்ஸைட்" ஆகும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் டேர், டீ, டஸ் (குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் சொற்கள்) இருந்தாலோ, மைன், டைன் என்று யாருடையது என்பது ஒட்டிக்கொண்டிருந்தாலோ, அல்லது அது ஓர் ஆளின் பெயராக இருந்தாலோ கைன் உள்ளே நுழைய முடியாது, நிஷ்ட்தான். உங்கள் "மைன் பூஹ்" அந்த வகை. மைன் உட்கார்ந்திருக்கும் அதே இடம்தான் கைனுக்கும் வேண்டும், ஓர் இடத்தில் இரண்டு பேர் உட்கார முடியாது.

ஜெர்மனியில் வீட்டுத் தபால் பெட்டிகளில் "பிட்டெ கைனெ வெர்பூங்" என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், விளம்பரத் தாள் எதுவும் போடாதீர்கள் என்று அர்த்தம். ஹோட்டல் அறைக் கதவில் தொங்கும் அட்டையில் "பிட்டெ நிஷ்ட் ஷ்ட்யோரென்" என்று இருக்கும், தொந்தரவு செய்யாதீர்கள். வெர்பூங் பெயர்ச்சொல், அதனால் கைனெ. ஷ்ட்யோரென் வினை, அதனால் நிஷ்ட். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் ஏ1 அளவில் பாதிச் சந்தேகம் போய்விடும்.

இன்னொன்று, ஐனுக்குப் பன்மை கிடையாது, கைனுக்கு உண்டு. "இஷ் ஹாபெ கிண்டர்" (எனக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்), "இஷ் ஹாபெ கைனெ கிண்டர்". அப்புறம் ஆண்பால் சொல் செயப்படுபொருளாக வந்தால் கைனென் ஆகும்: "இஷ் ஹாபெ கைனென் ஹுண்ட்" (என்னிடம் நாய் இல்லை). பூனைக்கு அந்தத் தொல்லை இல்லை, அது பெண்பால், "கைனெ கட்ஸெ"தான். எழுத்துத் தேர்வில் மதிப்பெண் கழிவது பெரும்பாலும் இந்த "என்"னை விட்டுவிடுவதால்தான், கைனா நிஷ்டா என்ற குழப்பத்தால் இல்லை.


காலைரயில் எழுதியது:

நான் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறேன். தமிழில் "இல்லை" வந்தால் கைன், "அல்ல" வந்தால் நிஷ்ட். என்னிடம் கார் இல்லை, கைன் அவுட்டோ. அது என் புத்தகம் அல்ல, நிஷ்ட் மைன் பூஹ். எனக்கு இது போதுமானதாக இருக்கிறது.


பழையமேசை எழுதியது:

காலைரயில், தயவுசெய்து அதைப் புதியவர்களுக்குச் சொல்லித்தராதீர்கள். கேள்வி கேட்டவர் கொடுத்த முதல் உதாரணத்திலேயே அது உடைகிறது: "டஸ் இஸ்ட் கைன் பூஹ்" என்பது "அது புத்தகம் அல்ல". அல்ல வந்தும் கைன்தானே? "வரவில்லை" என்பதில் இல்லை இருக்கிறது, அங்கே நிஷ்ட். தமிழ் மறுப்பும் ஜெர்மன் மறுப்பும் வேறு வேறு கோட்டில் பிரிகின்றன, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்க்க முடியாது.

ஆனால் வேறோர் இடத்தில் தமிழ் உண்மையிலேயே கைகொடுக்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நிஷ்ட் எங்கே வரும் என்ற பட்டியலைத் தூக்கி ஓரமாக வையுங்கள். ஜெர்மன் வினைச்சொற்றொடரை அகராதியில் இருக்கிற வடிவத்தில், வினையைக் கடைசியில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். "ஹொய்ட்டெ நிஷ்ட் கொம்மென்". ஹொய்ட்டெ என்றால் இன்று, கொம்மென் என்றால் வருவது. இன்று வராமல் இருப்பது. தமிழ் வரிசை அப்படியே இருக்கிறது பாருங்கள்: காலம் முதலில், வினை கடைசியில், மறுப்பு வினையை ஒட்டி. தமிழில் மறுப்பு வினைக்குப் பின்னால் ஒட்டுகிறது, ஜெர்மனில் முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஜெர்மனின் அடிப்படை வரிசையே வினை கடைசியில் வருவதுதான் என்று மொழியியலில் பலரும் சொல்கிறார்கள். நாம் ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பதால் இது கண்ணில் படுவதே இல்லை.

இப்போது ஒரே ஒரு வேலை. தன்மை, முன்னிலை, படர்க்கைக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும் அந்த வினையை மட்டும் கடைசியிலிருந்து எடுத்து இரண்டாவது இடத்தில் வையுங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். "ஹொய்ட்டெ நிஷ்ட் கொம்மென்" என்பதிலிருந்து கொம்மென் கிளம்பி முன்னால் போய்விட்டது, "இஷ் கொம்மெ ஹொய்ட்டெ நிஷ்ட்". நிஷ்ட் நகரவே இல்லை, அதன் பின்னால் இருந்த வினை எழுந்து போய்விட்டதால் அது கடைசியில் இருப்பது போலத் தெரிகிறது.

"டிஷ் நிஷ்ட் அன்ரூஃபென்" (உன்னைப் போனில் அழைக்காமல் இருப்பது). ரூஃபெ மட்டும் கிளம்புகிறது, அன் அங்கேயே தங்கிவிடுகிறது. "இஷ் ரூஃபெ டிஷ் நிஷ்ட் அன்". நீங்கள் கேட்ட மூன்றாவது வாக்கியம் முடிந்தது. "டேன் ஃபில்ம் நிஷ்ட் கெஸேஎன் ஹாபென்" (அந்தப் படத்தைப் பார்க்காமல் இருப்பது), இதில் கிளம்புவது ஹாபென் மட்டும்: "இஷ் ஹாபெ டேன் ஃபில்ம் நிஷ்ட் கெஸேஎன்". "நிஷ்ட் ஷ்விம்மென் க்யோன்னென்" (நீந்தத் தெரியாமல் இருப்பது), "இஷ் கன் நிஷ்ட் ஷ்விம்மென்". எல்லாம் ஒரே வேலைதான்.

மிச்சம் இருப்பது பெர்லின். "நிஷ்ட் இன் பெர்லின் வோனென்". இங்கே நிஷ்ட் ஏன் வோனெனை ஒட்டாமல் இடத்துக்கு முன்னால் நிற்கிறது? வோனென் என்று மட்டும் சொன்னால் பேச்சு பாதியில் நிற்கிறது, எங்கே என்பது வந்தால்தான் நிறைவடையும். அதனால் "இன் பெர்லின் வோனென்" முழுவதும் சேர்ந்து ஒரே வினை போல நடந்துகொள்கிறது, நிஷ்ட் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நிற்கும். "நிஷ்ட் நாஹ் ஹவுஸெ கேஎன்" (வீட்டுக்குப் போகாமல் இருப்பது) அதே கதை. "நிஷ்ட் ம்யூடெ ஸைன்" (களைப்பாக இல்லாமல் இருப்பது), ம்யூடெ இல்லாமல் ஸைனுக்கு இங்கே வேலையே இல்லை, அதனால் "இஷ் பின் நிஷ்ட் ம்யூடெ". எப்படிச் செய்கிறோம் என்று சொல்கிற சொற்களும் வினையோடு ஒட்டிக்கொள்ளும்: "எர் லொய்ஃப்ட் நிஷ்ட் ஷ்னெல்" (அவன் வேகமாக ஓடுவதில்லை).

இது சரிதானா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் வைல் (ஏனென்றால்) போட்டு ஒரு துணை வாக்கியம் எழுதுங்கள். அங்கே வினை தன் சொந்த இடமான கடைசிக்குத் திரும்பிவிடும்: "வைல் இஷ் ஈன் நிஷ்ட் கென்னெ" (அவரை எனக்குத் தெரியாததால்). நிஷ்ட் வினைக்கு முன்னால் அப்படியே நிற்கும். வைல் ஏ1-இன் கடைசிப் பாடங்களிலோ ஏ2-விலோதான் வரும், அதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்வதில் ஒரு தப்பும் இல்லை.

ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்விக்கும் தனியாக ஒன்றும் படிக்க வேண்டாம். வினையை இரண்டாவது இடத்துக்குப் பதிலாக முதல் இடத்துக்குக் கொண்டுபோங்கள். "கொம்ஸ்ட் டூ ஹொய்ட்டெ நிஷ்ட்?" (நீ இன்று வரவில்லையா?) அவ்வளவுதான்.


தாமரையிலை எழுதியது:

பழையமேசை, இதை யாரும் இப்படிச் சொன்னதே இல்லை, ரொம்ப நன்றி. புத்தகத்தில் இருக்கும் வாக்கியங்களை எல்லாம் வினையைக் கடைசியில் வைத்துப் பார்த்தேன், பெரும்பாலும் சரியாக வருகிறது. ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. "இஷ் அர்பைட்டெ அம் ஸொன்டாக் நிஷ்ட்" (ஞாயிற்றுக்கிழமை நான் வேலை செய்வதில்லை) என்று ஒரு பக்கத்திலும், "இஷ் அர்பைட்டெ நிஷ்ட் அம் ஸொன்டாக்" என்று வேறொரு பக்கத்திலும் இருக்கிறது. "இன் பெர்லின்" போலத்தானே "அம் ஸொன்டாக்"? எது சரி?


பழையமேசை எழுதியது:

இரண்டும் சரி, பொருள் வேறு. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அம் ஸொன்டாக் காலம் சொல்கிறது, அது இல்லாமலே "வேலை செய்கிறேன்" முழுமையாக நிற்கும். அதனால் அது வினையோடு ஒட்டாது, நிஷ்ட் அதற்குப் பின்னால் வரும். முதல் வாக்கியம்தான் சாதாரணமாகச் சொல்வது.

நிஷ்டை வேண்டுமென்றே ஒரு சொல்லின் முன்னால் கொண்டுபோய் வைத்தால் அந்தச் சொல்லை மட்டும் மறுக்கிறீர்கள். "இஷ் அர்பைட்டெ நிஷ்ட் அம் ஸொன்டாக், ஸொண்டெர்ன் அம் ஸம்ஸ்டாக்": நான் வேலை செய்வது ஞாயிற்றுக்கிழமை இல்லை, சனிக்கிழமை. அதாவது வேலை செய்கிறேன், கிழமைதான் தப்பு. நிஷ்ட் இப்படி இடம் மாறி வந்தால் கேட்பவர் ஸொண்டெர்னுக்குக் (மாறாக) காத்திருப்பார். அது வரவில்லை என்றால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். உங்கள் புத்தகத்தில் அந்த இரண்டாவது பக்கத்தை மறுபடி பாருங்கள், பக்கத்திலேயே ஒரு ஸொண்டெர்ன் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த இடத்தில் ஆபர் (ஆனால்) போடக் கூடாது, முன்னால் மறுத்துவிட்டு அதற்குப் பதிலாக இன்னொன்றைச் சொன்னால் ஸொண்டெர்ன் மட்டும்தான்.

எத்தனை தடவை என்று சொல்கிற சொற்களுக்கு முன்னாலும் நிஷ்ட் போகும்: "நிஷ்ட் இம்மர்" (எப்போதும் இல்லை), "நிஷ்ட் ஒஃப்ட்" (அடிக்கடி இல்லை). "நிஷ்ட் அல்லெ கொம்மென்" என்பதும் இந்த வகைதான். தமிழில் "எல்லோரும் வரவில்லை" என்றால் ஒருவர்கூட வரவில்லையா, சிலர் மட்டும் வரவில்லையா என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். ஜெர்மனில் நிஷ்ட் நிற்கும் இடமே அதைச் சொல்லிவிடும்: எல்லோரும் அல்ல, சிலர்தான் வருகிறார்கள்.


மழைக்கோட்டு எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன்.

"ஹஸ்ட் டூ கைனெ ட்ஸைட்?" (உனக்கு நேரம் இல்லையா?) என்று கேட்டால் யா என்ற பதிலை மறந்துவிடுங்கள். நேரம் இல்லையென்றால் "நைன், இஷ் ஹாபெ கைனெ ட்ஸைட்". நேரம் இருக்கிறதென்றால் "டொஹ், இஷ் ஹாபெ ட்ஸைட்". கேட்டவர் சொன்னது சரியா தப்பா என்று யோசிக்காதீர்கள், நீங்கள் அடுத்துச் சொல்லப்போகும் வாக்கியம் இல்லை என்கிறதா, உண்டு என்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லை என்றால் நைன், உண்டு என்றால் டொஹ். தமிழில் "சாப்பிடவில்லையா?" என்று கேட்டால் "ஆமாம், சாப்பிடவில்லை" என்று ஒத்துக்கொண்டு பதில் சொல்கிறோம், அந்தப் பழக்கத்தில் யா வாய்க்கு வந்துவிடும். எதிரில் இருப்பவருக்கு நேரம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், மறுபடி கேட்பார். ஒருவர் எதையாவது இல்லை என்று அடித்துச் சொல்லும்போது அதை மறுக்கவும் டொஹ் ஒன்றே போதும். "டஸ் ஷ்டிம்ட் நிஷ்ட்!" (அது சரியில்லை) என்றால் "டொஹ்!" என்று ஒற்றைச் சொல்லில் திருப்பி அடிக்கலாம், சின்னப் பிள்ளைகள் நைன், டொஹ், நைன், டொஹ் என்று ஓயாமல் சண்டை போடுவார்கள்.

டொஹ் வாக்கியத்தின் நடுவிலும் வரும், "கொம் டொஹ்!" (வாயேன்) என்பது போல. அது வேறு வேலை, இப்போதைக்கு அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கேள்விச் சொற்களில் உண்மையான தொல்லை வோ, வோஹின், வோஹேர் மூன்றும்தான். வோ இருக்கும் இடம், வோஹின் போகும் இடம், வோஹேர் வரும் இடம். நாம் "எங்கே இருக்கிறாய்", "எங்கே போகிறாய்" இரண்டுக்கும் எங்கே போட்டுவிடுகிறோம், ஜெர்மனில் "வோ பிஸ்ட் டூ?", "வோஹின் கேஸ்ட் டூ?" என்று பிரிக்க வேண்டும். பேச்சில் "வோ கேஸ்ட் டூ ஹின்?" என்று உடைத்தும் சொல்வார்கள், ஹின் காணாமல் போகாது, கடைசிக்குப் போய்விடும். வேர், வேன், வேம் மூன்றைப் பார்த்துப் பயப்படாதீர்கள், யார், யாரை, யாருக்கு என்ற வரிசை நமக்கு ஏற்கெனவே கையில் இருக்கிறது. வேர் வந்தால் எத்தனை பேர் வந்தாலும் வினை ஒருமைதான்: "வேர் கொம்ட்?"

கோதே நிறுவனத்தின் ஏ1 தேர்வு எழுதப்போகிறவர் என்றால் இன்னொரு விஷயம். பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியே கேள்வி கேட்பதுதான். ஒரு தலைப்பும் ஒரு சொல்லும் இருக்கும் அட்டையை எடுத்து, அந்தச் சொல்லை வைத்து உடன் தேர்வெழுதுபவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவர் கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும். உதாரணத்துக்குத் தலைப்பு சாப்பாடு, சொல் ஸொன்டாக் என்றால் "வஸ் எஸென் ஸீ அம் ஸொன்டாக்?" (ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவீர்கள்?) போதும். பெரிய கேள்வியாகக் கேட்க ஆசைப்பட்டு வினையின் இடத்தைத் தொலைக்காதீர்கள். மூன்றாம் பகுதியில் வேண்டுகோள். அங்கே "கொம்மென் ஸீ" என்று தொடங்கினால் கேள்வியா வேண்டுகோளா என்று சொல் வரிசையில் வித்தியாசமே தெரியாது, குரல் ஏறினால் கேள்வி, இறங்கினால் வேண்டுகோள். பிட்டெ (தயவுசெய்து) ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், சந்தேகம் தீர்ந்தது.


ஜன்னலோரம் எழுதியது:

மழைக்கோட்டு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீமண்ட் (யாரும் இல்லை), நிஷ்ட்ஸ் (ஒன்றும் இல்லை), நீ (ஒருபோதும் இல்லை, நம்ம "நீ" இல்லை!) இந்த மூன்றும் வந்தால் மறுப்பு அவற்றுக்குள்ளேயே முடிந்துவிட்டது. தமிழில் "யாரும் வரவில்லை" என்று வினையில்தான் மறுப்பு உட்கார்ந்திருக்கிறது, அதனால் "நீமண்ட் கொம்ட் நிஷ்ட்" என்று எழுதத் தோன்றும். அது தப்பு. "நீமண்ட் கொம்ட்", அங்கேயே நிறுத்திவிடுங்கள். "இஷ் ஹாபெ நிஷ்ட்ஸ் கெகெஸென்" (நான் ஒன்றும் சாப்பிடவில்லை), இதிலும் நிஷ்டுக்கு இடமில்லை.

முஸ்ஸ்ட் நிஷ்ட் என்பதையும் கவனியுங்கள். ஆங்கிலம் தெரிந்தவர்கள் எல்லோரும் விழுகிற குழி அது. "டூ முஸ்ஸ்ட் நிஷ்ட் கொம்மென்" என்றால் நீ வரவேண்டியதில்லை, விருப்பம் இருந்தால் வா என்று அர்த்தம். வரக் கூடாது என்று தடுக்க வேண்டுமென்றால் "டூ டார்ஃப்ஸ்ட் நிஷ்ட் கொம்மென்".


காலைரயில் எழுதியது:

சரி, என் குறுக்கு வழியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் ஒரு சந்தேகம். "அவுட்டோ ஃபாரென்" (கார் ஓட்டுவது) என்பதில் அவுட்டோ பெயர்ச்சொல், முன்னால் ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் சொன்னபடி பார்த்தால் கைன் அவுட்டோ வரவேண்டும். ஆனால் நான் கேட்டது "இஷ் ஃபாரெ நிஷ்ட் அவுட்டோ".


பழையமேசை எழுதியது:

இது நல்ல கேள்வி. அங்கே அவுட்டோ ஒரு குறிப்பிட்ட வண்டி இல்லை, ஃபாரெனோடு சேர்ந்து ஒரே செயலாகிவிட்டது. பெர்லின் வோனெனோடு ஒட்டிக்கொண்டது போலவே. அதனால் கூட்டத்துக்கு முன்னால் நிஷ்ட். "ராட் ஃபாரென்" (சைக்கிள் ஓட்டுவது) அதே மாதிரி, "இஷ் ஃபாரெ நிஷ்ட் ராட்". இப்படி ஒட்டிய சொற்களில் சிலவற்றுக்குக் கைனும் புழக்கத்தில் இருக்கிறது, இரண்டையும் கேட்பீர்கள். தொழிலைச் சொல்லும்போதும் அப்படித்தான், "இஷ் பின் கைன் லேரர்" (நான் ஆசிரியர் இல்லை) என்பதுதான் அதிகம், "நிஷ்ட் லேரர்" என்றும் சிலர் சொல்வார்கள். மொழியைச் சொல்லும்போது மட்டும் யோசிக்காமல் கைன் போடுங்கள்: "இஷ் ஷ்ப்ரெஷெ கைன் டொய்ட்ஷ்".


தாமரையிலை எழுதியது:

கடைசியாக ஒன்று. "ஹஸ்ட் டூ ஷோன் கெகெஸென்?" (ஏற்கெனவே சாப்பிட்டாயா?) என்று கேட்டால் வெறும் நைன் போதுமா?


மழைக்கோட்டு எழுதியது:

போதும், ஆனால் "நைன், நொஹ் நிஷ்ட்" என்றால் இன்னும் இல்லை, இனிமேல்தான் என்று அர்த்தம் வரும், ஷோன் போட்டுக் கேட்டால் அதுதான் எதிர்பார்க்கிற பதில். பெயர்ச்சொல் என்றால் நொஹ் கைன்: "இஷ் ஹாபெ நொஹ் கைனெ வோனூங்" (எனக்கு இன்னும் வீடு கிடைக்கவில்லை). முன்பு இருந்து இப்போது இல்லை என்றால் மேர்: "இஷ் அர்பைட்டெ நிஷ்ட் மேர்" (நான் இப்போது வேலை செய்வதில்லை), "இஷ் ஹாபெ கைன் கெல்ட் மேர்" (என்னிடம் இருந்த பணம் தீர்ந்துவிட்டது). கைனோடு வரும்போது மேர் தள்ளிப்போய்ப் பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் நிற்பதைப் பாருங்கள்.